மேற்கத்தியர்களுக்குச் சீன மொழி எட்டாக்கனியா?

மேற்கத்தியர்களால் சீன மொழியைப் பேசவும் எழுதவும் இயலுமா என்ற கேள்விக்கு வரலாறு விடையளித்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாகின்றது. 1582ஆம் ஆண்டு மக்காவ் வந்திறங்கிய இத்தாலிய யேசு சபைத் துறவி மத்தேயோ ரிச்சி, 1595இல் நட்பு குறித்துச் சீன மொழியிலேயே ஒரு நூலை எழுதினார்.

ஆயினும், இதற்கான உழைப்பு பெரிது. ஆங்கிலம் பேசும் இராஜதந்திரி ஒருவர் பணிக்குரிய தேர்ச்சி பெறச் சுமார் 2,200 வகுப்பு மணிநேரம் தேவை என்பது அமெரிக்க வெளியுறவுத்துறைப் பயிற்சி நிறுவனத்தின் கணக்கு. ஸ்பானிய மொழிக்கு இதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே போதுமானது.

முதல் தடை தொனி. மாண்டரின் மொழியில் 'மா' என்ற ஒலி, தொனிக்கு ஏற்பத் தாய், சணல், குதிரை, திட்டுதல் எனப் பொருள் மாறும். மாண்டரினில் தொனிகள் நான்கு; கான்டனீஸில் ஆறு. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் அறிந்தவருக்கு மற்றதன் பேச்சு விளங்காது. மறுபுறம், வினைச்சொற்கள் காலத்துக்கோ பாலுக்கோ ஏற்ப உருமாறுவதில்லை என்பது கற்பவருக்கு ஆறுதல்.

எழுத்தே பெருஞ்சுமை. தமிழின் 247 எழுத்துகளைக் கற்றவர், பொருள் அறியாத சொல்லையும் வாசித்துவிடலாம். சீனத்தில் அது எளிதன்று. சீன அரசு 2013இல் வெளியிட்ட பட்டியலில் 8,105 எழுத்துருக்கள் உள்ளன. அடிப்படையானவை மட்டுமே 3,500. எனினும், 1958இல் அறிமுகமான பின்யின் என்னும் ரோமன் எழுத்து முறையின் உதவியால், இன்று ஒலியைத் தட்டச்சு செய்து உரிய எழுத்துருவைத் தெரிவு செய்ய முடிகின்றது.

மொழியின் கடினத்தை விடவும் அரசியலே சில வேளைகளில் பெரிய தடையாக இருந்துள்ளது. 1759இல், சீன மொழி கற்ற கிழக்கிந்தியக் கம்பெனி வணிகர் ஜேம்ஸ் ஃபிளின்ட், பேரரசருக்கு மனு அளித்ததற்காக மூன்றாண்டுகள் சிறை வைக்கப்பட்டார். மனுவை எழுத உதவிய சீனருக்கோ மரண தண்டனை. நம் காலத்தில், 2020இல், சீனாவுக்கும் ஹாங்காங்குக்குமான ஃபுல்பிரைட் கல்விப் பரிமாற்றத் திட்டத்தை அமெரிக்கா நிறுத்தியது.

மொழியறிவு எதற்கு என்பதை 2008 ஏப்ரலில் அப்போதைய ஆஸ்திரேலியப் பிரதமர் கெவின் ரட் காட்டினார். பெய்ஜிங் பல்கலைக்கழகத்தில் மாண்டரினில் உரையாற்றிய அவர், திபெத்தில் மனித உரிமைப் பிரச்சினைகள் உள்ளதாக மாணவர்களிடம் நேரடியாகவே கூறினார். நண்பனுக்கும் கசப்பான உண்மையைச் சொல்ல, அவனது மொழி தெரிந்திருப்பது நன்று.