ஒரே நாளில் இரண்டு தீர்ப்புகள்

மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் ஒரே நாளில் தேர்தல் நடந்தால், வாக்காளர் இரண்டிலும் ஒரே கட்சியைத்தான் தேர்வார் என்பது நெடுநாளாக நிலவிவரும் கருத்து. 2024 டிசம்பரில் 129ஆவது அரசியல் சட்டத் திருத்த மசோதா மக்களவையில் அறிமுகமானபோது இக்கருத்து மீண்டும் வலுப்பெற்றது. இதைச் சோதித்துப் பார்க்க ஒடிசாவின் தேர்தல் வரலாறு நமக்கு உதவும். 2004 முதல் அங்கே இரு தேர்தல்களும் சேர்ந்தே நடந்துவந்திருக்கின்றன.

2019இல் வாக்குச்சாவடிக்குள் நுழைந்த ஒடிசா வாக்காளர் அடுத்தடுத்து இரண்டு இயந்திரங்களில் பொத்தானை அழுத்தினார். பாரதிய ஜனதா கட்சி சட்டமன்றத்துக்குப் பெற்ற வாக்குகள் 32 விழுக்காட்டுக்குச் சற்று மேல். மக்களவைக்கோ 38 விழுக்காட்டையும் தாண்டின. அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பேரேனும் ஒரு பொத்தானுக்கும் அடுத்ததற்கும் இடையே கட்சி மாறியிருக்கிறார்கள். புவனேஸ்வர் மக்களவைத் தொகுதியில் அக்கட்சியின் அபராஜிதா சாரங்கி வென்றார். அத்தொகுதிக்குள் அடங்கிய ஏழு சட்டமன்றத் தொகுதிகளில் ஒன்றில்கூட அக்கட்சி வெல்லவில்லை. ஆறு பிஜு ஜனதா தளத்துக்கும் ஒன்று காங்கிரசுக்கும் போயின.

இதனைக் குழப்பம் என்று சொல்லிவிட முடியாது. 2000 முதல் மாநிலத்தை ஆண்ட நவீன் பட்நாயக் வேண்டும், தில்லியில் மோதி வேண்டும் என்று ஒரே மனம் இரு கணக்குப் போட்டது. 2024இல் நவீன் ஆட்சியை இழந்தார். பாஜக 78 இடங்களைப் பிடித்தது. அவ்வாண்டும் அக்கட்சியின் சட்டமன்ற வாக்கு, மக்களவை வாக்கைவிட ஐந்து விழுக்காடு குறைவு. சட்டமன்றத் தேர்தலில் பிஜு ஜனதா தளம் பாஜகவைவிடச் சற்றே கூடுதல் வாக்குகள் பெற்றும் 51 இடங்களோடு நின்றது. மக்களவையில் அதற்கு ஓரிடமும் கிட்டவில்லை.

ஆகவே வாக்காளருக்குப் பகுத்தறியும் திறம் இல்லை என்பது பிழை. எனினும், மனம் பிரித்துப் பார்க்கக் கால இடைவெளி துணைசெய்கிறது என்பதையும் மறத்தலாகாது. தமிழகத்தில் 1980 ஜனவரியில் நடந்த மக்களவைத் தேர்தலில் திமுக – இந்திரா காங்கிரஸ் கூட்டணி 39இல் 37 இடங்களை வென்றது. அதிமுகவுக்கு இரண்டே கிடைத்தன. பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். அரசு கலைக்கப்பட்டது. மே மாதச் சட்டமன்றத் தேர்தலில் அதே மக்கள் அதிமுகவுக்கு 129 இடங்கள் தந்து அவரை மீண்டும் முதல்வராக்கினர். அந்நான்கு மாதங்களில் மக்கள் ஓர் ஆட்சிக் கலைப்பைக் கண்டு, அதற்கும் சேர்த்தே விடையளித்தார்கள். இரு தேர்தல்களும் ஜனவரியிலேயே முடிந்திருந்தால் அந்த விடைக்கு இடமே இருந்திராது.

ஒரே நாளில் இரு தீர்ப்பு எழுத வாக்காளரால் இயலும். ஒரு தீர்ப்பின் விளைவைப் பார்த்தபின் அடுத்ததை எழுதும் வாய்ப்பைத்தான் ஒரே நாள் தேர்தல் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளும். மசோதாவைப் பற்றிப் பேசுவோர் எடைபோட வேண்டியது இதையே.