ரிமோட்டில் நாலு வண்ணப் பொத்தான்

போன மாதம் மகள் ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, இந்த ரிமோட்ல சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம்னு நாலு பட்டன் இருக்கே, எதுக்கு?" டில்லிக்கு வந்து வாங்கிய மூன்றாவது டிவி இது. மூன்றிலும் அந்த நாலு பொத்தான்கள் உண்டு. மூன்றிலும் நான் அவற்றைத் தொட்டதில்லை. பெரும்பாலான வீடுகளில் இதே கதைதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் எனக்கு விடை தெரியும். தெரிந்ததற்குக் காரணம் 1997-ல் பாளையங்கோட்டையில் அப்பா வாங்கிய கலர் டிவி. அதன் ரிமோட்டில் 'டெக்ஸ்ட்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் திரை கறுப்பாகும், மேலே மூலையில் 100 என்று ஓர் எண் வரும், அவ்வளவுதான். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் வேறு எதுவும் வராது. டிவி கெட்டுப்போய்விட்டது என்று அம்மா பயந்து சுவிட்சை அணைப்பாள். கடைக்காரரிடம் போய்க் கேட்டதற்கு, "அது ஃபாரின்காரனுக்கு சார், நமக்கு இல்லை" என்றார். அந்த ஒரு வரியில் இந்திய டெலிடெக்ஸ்ட்டின் வரலாறே அடங்கிவிட்டது என்பது எனக்கு இருபது வருஷம் கழித்துத்தான் புரிந்தது.

சரி, அது என்ன சமாச்சாரம்?

பழைய டிவிப் படம் 625 கோடுகளால் ஆனது. எல்லாக் கோடுகளும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு படம் முடிந்து அடுத்த படம் தொடங்கக் கதிர் கீழிருந்து மேலே போகவேண்டும் அல்லவா, அந்த இடைவெளிக்காகச் சில கோடுகள் காலியாக விடப்பட்டிருந்தன. பிபிசி பொறியாளர்கள் காது கேளாதவர்களுக்கு வசனத்தை எழுத்தில் காட்ட வழி தேடிக்கொண்டிருந்தபோது இந்தக் காலி இடம் கண்ணில் பட்டது. அதில் எழுத்துகளைக் குறியீடாக அனுப்பலாம், டிவிக்குள் ஒரு டிகோடர் இருந்தால் அதைப் படித்துத் திரையில் காட்டும். இப்படிப் பிறந்ததுதான் சீஃபேக்ஸ். 1974 செப்டம்பர் 23-ம் தேதி 30 பக்கங்களுடன் தொடங்கியது. உலகின் முதல் டெலிடெக்ஸ்ட் சேவை அதுதான். 'உண்மைகளைப் பார்' என்பதற்கான ஆங்கிலத்தைச் சுருக்கி வைத்த பெயர். போட்டி சானலான ஐடிவி 'ஆரக்கிள்' என்று தனியாக ஒன்றைத் தொடங்கியது. நல்லவேளையாக இருவரும் உட்கார்ந்து பேசி, 1976-ல் ஒரே தரநிலைக்கு வந்தார்கள். அமெரிக்காவில் இந்தப் புத்தி வரவில்லை. அங்கே 1983-ல் அரசு ஆணையம் "எந்தத் தரநிலை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சந்தையின் கையில் விட்டுவிட்டது. எந்த டிகோடரை வாங்குவது என்று தெரியாத மக்கள் எதையும் வாங்கவில்லை!

ஒரு பக்கம் என்பது வரிக்கு 40 எழுத்து, மொத்தம் 24 வரி, அதற்குமேல் இடமில்லை. கறுப்பு வெள்ளையைச் சேர்த்து எட்டு வண்ணம். படம் வேண்டுமென்றால் குட்டிக் குட்டிச் சதுரங்களை அடுக்கிச் செய்யவேண்டும், நம் வீட்டு வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுவதைப் போல. பக்கங்கள் 100 முதல் 899 வரை. பிரிட்டனில் 340-ஐ அடித்தால் கிரிக்கெட் ஸ்கோர், 888-ஐ அடித்தால் காது கேளாதவர்களுக்கான வசன வரிகள். யாருக்காக இந்தத் தேடல் தொடங்கியதோ அவர்களுக்கு 1979-லிருந்து வசனம் கிடைக்கத் தொடங்கியது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. நீங்கள் 340 என்று அழுத்தினால் உங்கள் டிவி யாரிடமும் போய் "340 கொடு" என்று கேட்பதில்லை. எல்லாப் பக்கங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும், திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து சுற்றிவரும் டவுன் பஸ் மாதிரி. 340 என்று போர்டு போட்ட பஸ் வரும்வரை உங்கள் டிவி நிறுத்தத்தில் நிற்கும், வந்ததும் ஏறிக்கொள்ளும். கணக்குப் போட்டுப் பார்ப்போம் (வங்கிக்காரன் புத்தி, மன்னிக்கவும்). வினாடிக்கு 50 முறை அந்தக் காலி இடம் வருகிறது. ஒவ்வொரு முறையும் இரண்டு கோடு ஒதுக்கினால் வினாடிக்கு 100 வரி. ஒரு பக்கத்துக்கு 24 வரி என்றால் 100 பக்கம் ஒரு சுற்று வர 24 வினாடி. பஸ்ஸைத் தவறவிட்டவர் அவ்வளவு நேரம் காத்திருக்கவேண்டும். இந்தக் காத்திருப்பைக் குறைக்க வந்ததுதான் அந்த நாலு வண்ணப் பொத்தான். அடுத்து நீங்கள் போகக்கூடிய நாலு பக்கங்களின் எண்ணையும் டிவி முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அவை வரும்போதே பிடித்து நினைவில் வைத்துக்கொள்ளும். நீங்கள் சிவப்பை அழுத்தினால் உடனே காட்டும். மகளின் கேள்விக்கு விடை இதுதான். அவள் அதற்குள் எழுந்து போய்விட்டாள் என்பது வேறு விஷயம்.

பி.காம். இரண்டாம் ஆண்டில் 'கூடுதலாக ஒரு அலகுக்கு ஆகும் செலவு' என்று ஒரு பாடம் நடத்துவார்கள். பூஜ்யத்துக்கு நல்ல உதாரணம் அன்று எங்கள் பேராசிரியரிடம் இல்லை. டெலிடெக்ஸ்ட்டைச் சொல்லியிருக்கலாம். ஒருவர் பார்த்தாலும் ஒரு கோடிப் பேர் பார்த்தாலும் ஒளிபரப்புபவருக்கு ஒரே செலவு. கூட்டம் அதிகமானால் 'சர்வர் டவுன்' என்ற பேச்சே கிடையாது. மாதக் கடைசியில் சிஸ்டம் ஸ்தம்பித்து, கவுன்ட்டரில் முப்பது பேர் முறைத்துக்கொண்டு நிற்க, உள்ளே உட்கார்ந்திருந்தவனுக்குத்தான் இதன் அருமை தெரியும். தவிர, யார் எந்தப் பக்கத்தைப் படித்தார் என்று ஒளிபரப்புபவருக்குத் தெரியவே தெரியாது. இன்று அப்படி ஒரு செய்தி ஊடகம் இருக்கிறதா சொல்லுங்கள்.

இந்தியாவுக்கும் இது வந்தது. 1985-ல் தூர்தர்ஷன் டில்லியில் 'இன்டெக்ஸ்ட்' என்ற பெயரில் டெலிடெக்ஸ்ட் சேவையைத் தொடங்கியது. வண்ண ஒளிபரப்பே 1982-ல்தான் வந்திருந்தது. பெரும்பாலான வீடுகளில் கறுப்பு வெள்ளை டிவி, அதிலும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பாதி. இதில் டிகோடர் உள்ள டிவிக்கு யார் போவது? மயூர் விஹாரில் எங்கள் அடுக்ககத்தில் ஒரு மாமா இருக்கிறார், மத்திய அரசு வேலையில் 1978-லேயே டில்லிக்கு வந்தவர். "பாத்திருக்கேன்பா, ஆனா கடையிலதான். ஒருத்தன் டெமோ காமிச்சான். வெலையக் கேட்டதும் நான் வெளில வந்துட்டேன்" என்றார்.

விலையைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று இருந்தது என்பது என் கருத்து. உலகம் முழுக்கப் பரவிய அந்த பிரிட்டிஷ் தரநிலையில் பிற்பாடு ரஷ்ய எழுத்து, கிரேக்கம், அரபி, ஹீப்ரு எல்லாம் இடம்பிடித்தன. இந்திய எழுத்து ஒன்றுகூட இல்லை. நாற்பது கட்டத்துக்குள் 'கொ'வையும் 'ஞெ'வையும் அடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எழுத்துருச் சண்டை போட்டு வளர்ந்த நம் தலைமுறைக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆங்கிலம் படிக்கத் தெரிந்து, விலையுயர்ந்த டிவியும் வாங்கக்கூடியவர் வீட்டில் செய்தித்தாளும் போனும் ஏற்கனவே இருந்திருக்கும். யாருக்கு உண்மையில் தேவையோ அவருக்கு எட்டாமலே போயிற்று. கடைக்காரர் சொன்ன "நமக்கு இல்லை" இதுதான்.

சிங்கப்பூரில் நிலைமை வேறு. அங்கே 1980-களில் தொடங்கிய சேவை நன்றாகவே ஓடியது. என் சித்தப்பா அங்கே ஒரு பட்டறையில் சூப்பர்வைசராக இருந்தார். மதிய இடைவேளையில் கேன்டீன் டிவியில் பங்கு விலைகள் பக்கம் பக்கமாக மாறுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாராம். புரோக்கருக்குப் போன் போட்டு விலை கேட்கும் காலத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம்! அந்தச் சேவை 2013-ல் மூடப்பட்டது.

பிரிட்டனில் 1993-ல் ஆரக்கிளின் இடத்துக்கு வந்த கம்பெனி, கடைசி நேர விமான டிக்கெட்டும் விடுமுறைப் பயணமும் விளம்பரம் செய்து நல்ல காசு பார்த்தது. இன்டர்நெட் வந்ததும் அந்த விளம்பரம் அப்படியே நகர்ந்துபோய், 2009 டிசம்பரில் செய்திப் பக்கங்களை நிறுத்தியது. சீஃபேக்ஸ் 2012 அக்டோபர் 23 வரை தாக்குப்பிடித்தது. பழைய அனலாக் ஒளிபரப்பு கடைசியாக அணைந்தது வட அயர்லாந்தில், அணைத்துவைத்தவர் 1972 ஒலிம்பிக் தங்க மங்கை மேரி பீட்டர்ஸ். அதனுடன் சீஃபேக்ஸும் போனது.

இங்கே பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். 'டிஜிட்டல் வந்தது, டெலிடெக்ஸ்ட் செத்தது' என்று எழுதிவிடுகிறார்கள். அப்படியில்லை. டிஜிட்டல் ஒளிபரப்பிலும் டெலிடெக்ஸ்ட்டை அனுப்பத் தரநிலை உண்டு. பிரிட்டன் அதை விட்டுவிட்டு வேறு புதிய ஏற்பாட்டைத் தேர்ந்தெடுத்தது. ஜெர்மனி, ஆஸ்திரியா, நெதர்லாந்து, ஸ்வீடன் நாடுகளில் விடவில்லை, இன்றும் ஓடுகிறது. நெதர்லாந்தில் 1980-ல் தொடங்கிய சேவையை இப்போது போன் ஆப்பிலும் அதே கறுப்புப் பின்னணி, அதே பக்க எண்களுடன் படிக்கிறார்கள். நாற்பது எழுத்துக்குள் செய்தி சொல்லவேண்டும் என்பதால் சுற்றிவளைக்க இடமில்லை, 'அதிர்ச்சியளிக்கும் பின்னணி' என்றெல்லாம் தலைப்புப் போடமுடியாது. எனக்கே ஒன்று வேண்டும் போலிருக்கிறது.

சீஃபேக்ஸ் போன பிறகு அதன் இடத்தில் இருந்தது ரிமோட்டின் சிவப்புப் பொத்தான் வழியாக வரும் பிபிசி எழுத்துச் சேவை. அதையும் 2020 ஜனவரி 30-ல் தொடங்கிப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தார்கள். 'எல்லாம்தான் ஆன்லைனில் இருக்கிறதே' என்பது வாதம். பார்வையற்றோர் அமைப்பு ஒன்று மனு கொடுத்தது. இன்டர்நெட் இல்லாத முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இதைவிட்டால் வேறு வழியில்லை என்று அதில் சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் முன்னதாக பிபிசி முடிவை நிறுத்திவைத்தது.

இதைப் படித்தபோது எனக்குச் சொந்த அனுபவம் ஒன்று உறுத்தியது. சில வருஷம் முன் நான் இருந்த ஒரு கிளையில் பாஸ்புக் பதிவு செய்யும் கவுன்ட்டரை எடுத்துவிட்டு, 'ஆப்பில் பார்த்துக்கொள்ளவும்' என்று நோட்டீஸ் ஒட்டினோம். ஒட்டியது நான்தான். அடுத்த வாரம் ஓர் இரவுக் காவலாளி வந்தார், பீகாரிலிருந்து வந்து இருபது வருஷம் ஆனவர். கையில் பொத்தான் போன். பென்ஷன் விழுந்ததா என்று தெரியவேண்டும். நோட்டீஸைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். படிக்கும்போதே அசிங்கமாக இருந்தது. பிறகு அவர் போனை வாங்கி *99# அடித்துக் காட்டினேன். 2014-ல் நாடு முழுக்க வந்த இந்தச் சேவைக்கு இன்டர்நெட் வேண்டாம், ஸ்மார்ட்போன் வேண்டாம். திரையில் எண் வரிசை வரும், எண்ணை அழுத்தினால் அடுத்த திரை. ஒரு திரைக்கு 182 எழுத்துக்கு மேல் வராது. தொழில்நுட்பம் வேறுதான், இது கேட்டுப் பதில் வாங்குவது. ஆனால் பார்க்க அசல் டெலிடெக்ஸ்ட்தான். இந்தியில்கூட வரும் என்று காட்டியதும் அவர் இரண்டுமுறை தானே செய்து பார்த்துக்கொண்டு போனார். எங்கள் கிளையில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. யாரும் பயன்படுத்துவதில்லை, எடுத்துவிடலாம் என்று ஒருநாள் யாராவது கூட்டத்தில் சொல்வார்கள் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

கடைசியாக ஒரு சுவாரஸ்யம். டிவி நிகழ்ச்சியை வீடியோ டேப்பில் பதிவு செய்யும்போது அந்தக் காலிக் கோடுகளும் மங்கலாகப் பதிந்துவிடுகின்றன. பிரிட்டனில் சில ஆர்வலர்கள் பழைய வீஹெச்எஸ் டேப்புகளிலிருந்து, மென்பொருள் எழுதி, முப்பது நாற்பது வருஷத்துக்கு முந்தைய பக்கங்களை மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். எதையோ பார்க்கப் பதிவு செய்த டேப்பில் அந்த நாளின் வானிலையும் ரயில் செய்தியும் ஒளிந்து கிடக்கின்றன. கல்யாண வீடியோவில் கிடைக்காது, டிவியிலிருந்து நேராகப் பதிவு செய்ததில்தான் கிடைக்கும்.

மயூர் விஹார் மாமாவிடம் இதைச் சொன்னேன். பரணில் ஒரு பெட்டி டேப் இருக்கிறதாம், 1986, 87-ல் தூர்தர்ஷனில் வந்த கச்சேரிகளைப் பதிவு செய்தவை. "பூஞ்சை புடிச்சிருக்கும், அடுத்த வாரம் கபாடிவாலாகிட்ட போடலாம்னு இருந்தேன்" என்றார். போடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் அந்தக் கால டில்லி டேப் இருந்தால் தயவுசெய்து எறியாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஏணி எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போகிறேன்.