எச்.பி.வி. வைரஸ் இணையரிடையே பரவுவது எவ்வாறு?

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை முடிவில் ‘எச்.பி.வி. தொற்று உள்ளது’ என்று குறிப்பிடப்பட்டிருந்தால், குடும்பத்தில் முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் நோயைப் பற்றியதாக இருப்பதில்லை. ‘இது யாரால் வந்தது?’ என்பதே அக்கேள்வி. கல்லல், காரைக்குடி வட்டாரத்தில் இதற்குக் கூடுதல் கனம் உண்டு. முற்காலத்தில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும், இக்காலத்தில் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பொருள் ஈட்டச் செல்வது இப்பகுதியின் வழக்கம். கணவனும் மனைவியும் ஆண்டுக்கணக்கில் பிரிந்து வாழும் குடும்பங்களில், பரிசோதனைத் தாளில் உள்ள ஒரு வரி தேவையற்ற ஐயத்திற்கு இடம் தந்துவிடக்கூடும்.

மருத்துவம் தரும் விடை தெளிவானது. இவ்வைரஸ் யாரிடமிருந்து வந்தது, எப்போது வந்தது என்பதை வழக்கமான எந்தப் பரிசோதனையாலும் கூற இயலாது. அதன் காரணத்தையும், தொற்று கண்டறியப்பட்டபின் செய்ய வேண்டியவற்றையும் கீழே காணலாம்.

எச்.பி.வி. என்பது என்ன?

மனித பாப்பிலோமா வைரஸ் என்பதன் சுருக்கமே எச்.பி.வி. இதில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. சில வகைகள் கை, கால்களில் சாதாரண மருக்களை உண்டாக்குகின்றன. வேறு சில வகைகள் பிறப்புறுப்புப் பகுதியைத் தாக்குகின்றன. அவற்றை இரு பிரிவுகளாகக் கொள்ளலாம்.

குறைந்த அபாய வகைகள்: இவை புற்றுநோயை உண்டாக்குவதில்லை. பிறப்புறுப்பிலும் ஆசனவாயைச் சுற்றிலும் தோன்றும் மருக்களில் பெரும்பாலானவற்றுக்கு 6, 11 ஆகிய வகைகளே காரணம்.

அதிக அபாய வகைகள்: இவை ஏறத்தாழ 14 ஆகும். இவற்றின் தொற்று பல ஆண்டுகள் நீடித்தால் புற்றுநோயாக மாறக்கூடும். கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 விழுக்காட்டிற்கு 16, 18 ஆகிய இரு வகைகளே காரணமாகின்றன. இத்தொடர்பைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

எவ்வாறு பரவுகிறது?

எச்.பி.வி. முதன்மையாகத் தோலும் தோலும், அல்லது பிறப்புறுப்பு, ஆசனவாய், வாய் ஆகியவற்றின் உட்சவ்வுகளும் உரசுவதால் பரவுகிறது. அவ்வுரசலில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சிராய்ப்புகள் ஏற்படுகின்றன. அவற்றின் வழியே வைரஸ் தோலின் அல்லது சவ்வின் அடி அடுக்கிலுள்ள உயிரணுக்களைச் சென்றடைகிறது. இது இரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவும் வைரஸ் அன்று. அதனால் காய்ச்சலோ வலியோ உண்டாவதில்லை. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலும் இதன் வருகையை உடனே உணர்வதில்லை.

பிறப்புறுப்பு வழி உறவு, ஆசனவாய் வழி உறவு, வாய் வழி உறவு ஆகிய மூன்றினாலும் இது பரவக்கூடும். முழுமையான உடலுறவு இல்லாமல் பிறப்புறுப்புப் பகுதிகள் நெருங்கி உரசுவதாலும் பரவலாம். ஆணிடமிருந்து பெண்ணுக்கும், பெண்ணிடமிருந்து ஆணுக்கும், ஒரே பாலின இணையரிடையேயும் பரவும். தொற்று உள்ளவருக்கு எவ்வித அறிகுறியும் இல்லாத காலத்திலும் பிறருக்குப் பரவும் என்பது நினைவில் கொள்ள வேண்டிய செய்தியாகும்.

ஆணுறையைத் தொடர்ந்து முறையாகப் பயன்படுத்துவது தொற்றும் வாய்ப்பைக் குறைக்கிறது. எனினும் அது மூடாத தோற்பகுதிகளின் வழியே வைரஸ் பரவ இடமுண்டு. ஆகவே அதன் பாதுகாப்பு முழுமையானதன்று. எச்.ஐ.வி. உள்ளிட்ட பிற பால்வினைத் தொற்றுகளையும் தடுப்பதால் ஆணுறையின் பயன் பெரிது.

எவ்வாறு பரவுவதில்லை?

ஒரே தட்டில் உண்பது, ஒரே குவளையில் நீர் அருந்துவது, ஊருணியில் குளிப்பது, குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவது, நோயாளிக்குப் பணிவிடை செய்வது ஆகியவற்றால் பிறப்புறுப்பு எச்.பி.வி. தொற்றுவதில்லை. பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்துவதைக் குறித்தும் அஞ்ச வேண்டியதில்லை. தூய்மைக் குறைவாலோ ‘உடற்சூட்டினாலோ’ இது வருவதில்லை. தொற்று உள்ள பெண்ணைச் சமையலறையிலிருந்தோ குழந்தைகளிடமிருந்தோ விலக்கி வைக்க எக்காரணமும் இல்லை. மகப்பேற்றின்போது தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவது மிக அரிதாகவே நிகழ்கிறது.

யாரிடமிருந்து வந்தது என்று ஏன் கூற இயலாது?

இதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, இத்தொற்று மிகப் பரவலானது. பாலுறவில் ஈடுபடும் ஆண், பெண் இருபாலரில் மிகப் பெரும்பாலோர் தம் வாழ்நாளில் ஏதேனும் ஒரு காலத்தில் எச்.பி.வி. தொற்றுக்கு உள்ளாகின்றனர். வாழ்நாளில் ஒரே ஒரு இணையரை மட்டுமே அறிந்தவருக்கும் இது வரலாம். எனவே இத்தொற்று ஒருவருடைய ஒழுக்கத்தின் அளவுகோல் ஆகாது.

இரண்டாவது, இவ்வைரஸ் அறிகுறியின்றி நீண்ட காலம் தங்கக்கூடியது. பத்தில் ஏறத்தாழ ஒன்பது தொற்றுகள் இரண்டு ஆண்டுகளுக்குள் நோய் எதிர்ப்பு ஆற்றலால் அடக்கப்படுகின்றன. அப்போது பரிசோதனையிலும் அவை புலப்படுவதில்லை. ஆனால் அடக்கப்பட்ட வைரஸ் சிலருக்குத் திசுக்களில் மிகக் குறைந்த அளவில் உறங்கிக் கிடந்து, வயது முதிர்வாலோ எதிர்ப்பு ஆற்றல் குறைவாலோ பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் தலைகாட்டலாம். 45 வயதில் கண்டறியப்படும் தொற்று, திருமணமான தொடக்க ஆண்டுகளில் வந்ததாகவும் இருக்கலாம். அதற்கு முந்தையதாகவும் இருக்கலாம்.

மூன்றாவது, பரிசோதனை கூறுவது ‘இன்று வைரஸ் உள்ளதா, இல்லையா’ என்பதை மட்டுமே. அதில் வந்த நாளும் இல்லை. வந்த வழியும் இல்லை. சென்ற முறை ‘இல்லை’ என்றும் இம்முறை ‘உள்ளது’ என்றும் வந்தாலும், அது புதிய தொற்று என்று உறுதி கூற முடியாது. பழைய தொற்று மீண்டும் வெளிப்பட்டிருக்கவும் கூடும்.

கணவர் ஈராண்டு வெளிநாட்டில் இருந்த காலத்தில் மனைவிக்குத் தொற்று கண்டறியப்பட்டால், அது மனைவியைக் குற்றம் சாட்டுவதற்கான சான்று ஆகாது. அவ்வாறே அது கணவர் மீதான சான்றும் ஆகாது. இந்த ஐயத்திற்கு அஞ்சிப் பெண்கள் பரிசோதனைக்கு வராமல் இருப்பதும், முடிவை மறைத்துத் தொடர் சிகிச்சையைத் தவிர்ப்பதும் உண்மையான ஆபத்தாகும்.

இணையருக்கும் பரிசோதனை தேவையா?

தேவையில்லை. ஆண்களுக்கு வழக்கமான எச்.பி.வி. பரிசோதனை எதுவும் பரிந்துரைக்கப்படுவதில்லை. நீண்ட காலம் இணைந்து வாழும் தம்பதியர் பெரும்பாலும் ஒரே வகை வைரஸை ஏற்கெனவே பகிர்ந்திருப்பர். தொற்று உள்ளது என்பதற்காக இல்லற உறவை நிறுத்த வேண்டியதில்லை. கருப்பை வாயில் சிகிச்சை பெற்றிருந்தால் மட்டும், மருத்துவர் கூறும் வாரங்கள் வரை உறவைத் தவிர்க்க வேண்டும்.

எனினும் ஆண்கள் கவனிக்க வேண்டியவை உண்டு. ஆண்குறி, ஆசனவாய், தொண்டை ஆகிய இடங்களிலும் எச்.பி.வி. புற்றுநோயை உண்டாக்கக்கூடும். பிறப்புறுப்பில் மரு, ஆறாத புண், கட்டி ஆகியவை தோன்றினால் மருத்துவரை அணுக வேண்டும். தொற்று ஏற்பட்டுச் சில வாரங்கள் கழித்தோ, பல மாதங்கள் கழித்தோ மருக்கள் தோன்றலாம். அவற்றைக் கடையில் வாங்கும் களிம்பு பூசியோ, சுட்டோ, அறுத்தோ அகற்ற முயலக் கூடாது.

தொற்று உள்ளது என்றால் புற்றுநோய் என்று பொருளா?

இல்லை. அதிக அபாய வகை வைரஸ் பல ஆண்டுகள் அகலாமல் நீடித்தால்தான் உயிரணுக்களில் மாற்றம் தொடங்குகிறது. அம்மாற்றம் புற்றுநோயாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். சிகிச்சை பெறாத எச்.ஐ.வி. தொற்று உள்ள பெண்களுக்கு இது 5 முதல் 10 ஆண்டுகளாகச் சுருங்கலாம். புகைபிடித்தலும் இந்த அபாயத்தைக் கூட்டுகிறது.

இவ்வளவு நீண்ட கால இடைவெளி இருந்தும், இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் கண்டறியப்பட்டதாகவும், சுமார் 80,000 பேர் உயிரிழந்ததாகவும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மதிப்பிட்டுள்ளது. உரிய காலத்தில் பரிசோதிக்கப்படாததும், பரிசோதனைக்குப் பின் சிகிச்சை தொடரப்படாததுமே இவ்வுயிரிழப்புகளுக்குப் பெரிதும் காரணமாகின்றன.

பரிசோதனைகள்

வி.ஐ.ஏ. பரிசோதனை: நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் கழித்துப் பார்க்கப்படுகிறது. மாறுபட்ட உயிரணுக்கள் உள்ள இடம் வெண்மையாகத் தெரியும். இது வைரஸைக் கண்டறியும் சோதனை அன்று. வெண்மை தெரிந்தவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. மேற்பரிசோதனை தேவை என்பதே அதன் பொருள்.

பாப் ஸ்மியர்: கருப்பை வாயிலிருந்து சுரண்டி எடுக்கப்படும் உயிரணுக்கள் நுண்ணோக்கியில் ஆராயப்படுகின்றன.

எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனை: அதிக அபாய வகை வைரஸ் உள்ளதா என்று நேரடியாகக் கண்டறிகிறது. இதற்கான மாதிரியைப் பெண்கள் தாமாகவே எடுத்துத் தரும் முறையும் உண்டு.

இவற்றின் பயன் தமிழ்நாட்டு மண்ணிலேயே மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கை மருத்துவ மையத்தின் பங்கேற்புடன் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயது வரையுள்ள கிராமப்புறப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர் ஒரே ஒரு முறை வி.ஐ.ஏ. பரிசோதனை செய்தனர். 2007-இல் வெளியான முடிவின்படி, பரிசோதனை நடைபெற்ற ஊராட்சிகளில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும், அதனால் நேரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடைபெற்ற மற்றோர் ஆய்வின் முடிவு 2009-இல் வெளியாயிற்று. அதில் ஒரு முறை செய்யப்பட்ட எச்.பி.வி. பரிசோதனை, இறப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது.

மாற்றம் கண்டறியப்பட்டால் கால்போஸ்கோப் என்னும் உருப்பெருக்கிக் கருவியால் கருப்பை வாய் ஆராயப்படும். தேவையெனில் சிறு திசு எடுத்துச் சோதிக்கப்படும். புற்றுநோய்க்கு முந்தைய நிலையை வெப்பத்தாலோ, கடுங்குளிராலோ, மின்கம்பி வளையத்தாலோ அகற்றலாம். பெரும்பாலானோருக்குக் கருப்பையை அகற்ற வேண்டிய தேவை எழுவதில்லை. வைரஸை உடலிலிருந்து நீக்கும் மாத்திரையோ ஊசியோ இல்லை. அவ்வாறு கூறி விற்கப்படும் மருந்துகளை நம்ப வேண்டாம்.

தடுப்பூசி

எச்.பி.வி. தடுப்பூசி வைரஸ் உடலில் நுழைவதற்கு முன்னரே செலுத்தப்பட்டால் மிகுந்த பயன் தரும். ஆகவே 9 முதல் 14 வயதுப் பெண் குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் இதனை முன்னுரிமையாகப் பரிந்துரைக்கிறது. இவ்வயதினருக்கு ஒரு தவணையோ இரு தவணைகளோ போதுமானவை என 2022-இல் அந்நிறுவனம் அறிவித்தது. எதிர்ப்பு ஆற்றல் குறைந்தவர்களுக்குக் கூடுதல் தவணை தேவைப்படும். இந்தியாவில் உருவாக்கப்பட்ட செர்வாவாக் தடுப்பூசிக்கும் அதே ஆண்டில் ஒப்புதல் அளிக்கப்பட்டது. அது 6, 11, 16, 18 ஆகிய வகைகளைத் தடுக்கிறது. தமிழ்நாடு அரசின் 2025–26 நிதிநிலை அறிக்கையில், 14 வயதுப் பெண் குழந்தைகளுக்கு இத்தடுப்பூசியைப் படிப்படியாகச் செலுத்த 36 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது.

தடுப்பூசி ஏற்கெனவே உள்ள தொற்றைக் குணப்படுத்தாது. அனைத்து வகைகளையும் அது தடுப்பதில்லை என்பதால், தடுப்பூசி பெற்றவர்களும் 30 வயதுக்குப் பின் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

உடனே மருத்துவரை அணுக வேண்டிய அறிகுறிகள்

• உடலுறவுக்குப் பின் இரத்தக் கசிவு
• மாதவிடாய்களுக்கு இடையே இரத்தப்போக்கு
• மாதவிடாய் முற்றிலும் நின்றபின் மீண்டும் இரத்தப்போக்கு
• துர்நாற்றத்துடன் கூடிய வெள்ளைப்படுதல்
• நீங்காத அடிவயிற்று வலி அல்லது இடுப்பு வலி

முன்னர் செய்த பரிசோதனையில் குறையில்லை என்று வந்திருந்தாலும், இவ்வறிகுறிகள் தோன்றினால் காத்திருக்கக் கூடாது.

குடும்பத்தினர் அறிய வேண்டியவை

பரிசோதனை முடிவு அப்பெண்ணுக்கு உரியது. அவர் இசைவின்றி அதனை உறவினரிடமோ அண்டை வீட்டாரிடமோ கூறக் கூடாது. கணவரிடம் தெரிவிக்கத் தயங்கும் பெண்கள், மருத்துவரோ செவிலியரோ உடனிருந்து விளக்கும்படி கேட்கலாம். வெளிநாட்டிலுள்ள கணவருக்குத் தொலைபேசியில் தெரிவிக்கும்போது, ‘இத்தொற்று பல ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்கலாம்; எப்போது வந்தது என்று மருத்துவராலும் கூற முடியாது; இப்போது செய்ய வேண்டியது தொடர் பரிசோதனை’ என்ற மூன்று செய்திகளையும் சேர்த்தே சொல்வது நலம். மேற்பரிசோதனைக்கு வருமாறு குறித்துத் தந்த நாளில் துணையாக உடன் செல்வதே குடும்பத்தினர் செய்யக்கூடிய பேருதவியாகும்.

எங்கு அணுகலாம்?

கல்லல் ஒன்றியத்தைச் சேர்ந்த 30 வயது நிறைந்த பெண்கள், அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ பரிசோதனை பற்றிக் கேட்டறியலாம். மேற்பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் காரைக்குடி அரசு மருத்துவமனையையும், சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் நாடலாம். புற்றுநோய் உறுதியானால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உதவி பெறும் வழிமுறையை மருத்துவமனையில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணில் அழைக்கலாம்.

மருத்துவமனைக்குச் செல்லும்போது முந்தைய பரிசோதனை முடிவுகளையும், மருத்துவர் எழுதித் தந்த சீட்டுகளையும் தவறாமல் உடன் எடுத்துச் செல்லவும்.