ஷோலேயின் மவுத் ஆர்கன்: பானு குப்தா

ஷோலே (1975) படத்தில் அமிதாப் பச்சன் வெளியே உட்கார்ந்து மவுத் ஆர்கன் வாசிக்க, எதிர்வீட்டுத் தாழ்வாரத்தில் ஜெயா பாதுரி விளக்குகளைத் தணிப்பார். அந்த மெட்டை உண்மையில் ஊதியவர் பானு குப்தா.

ரங்கூனில் பிறந்த வங்காளி அவர். மவுத் ஆர்கனைச் சிறுவயதிலேயே அங்கே பழகிக்கொண்டார். பிறகு கல்கத்தாவில் கிரிக்கெட்டும் ஆடினார், வாத்தியமும் வாசித்தார். 1950-களின் இறுதியில் பம்பாய் வந்து சேர்ந்தார்.

ஜெர்மனியின் டிராசிங்கன் ஊரில் மத்தியாஸ் ஹோனர் 1857-இல் தொடங்கிய பட்டறைதான் இந்த வாத்தியத்தை உலகெங்கும் கொண்டு சேர்த்தது. ஊதினால் ஒரு சுரம், அதே துளையில் மூச்சை உள்ளிழுத்தால் வேறொரு சுரம். குரோமாட்டிக் வகையில் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால் சுரம் அரைப்படி ஏறும். பன்னிரண்டு சுரத்தானங்களும் கைக்கு வந்துவிடும். ஆனால் உள்ளே ஒலி எழுப்பும் உலோக நாக்குகளின் சுருதி முன்பே தீர்மானிக்கப்பட்டது. வீணையின் கமகத்தை இதில் எதிர்பார்ப்பது நியாயமில்லை. நீண்டு ஒலிக்கும் எளிய மெட்டுக்கே இது பொருந்தும். சினிமாவுக்கு வேண்டியதும் அதுதான்.

பம்பாய் சினிமாவுக்கு மவுத் ஆர்கன் அப்போது புதிதல்ல. சோல்வா சால் (1958) படத்தில் தேவ் ஆனந்த் ரயிலில் பாடும் பாட்டுக்கு அதை வாசித்தவர், இசையமைப்பாளர் எஸ்.டி. பர்மனின் மகன் ராகுல் தேவ் பர்மன். லட்சுமிகாந்த்–பியாரேலால் இசையமைத்த தோஸ்தி (1964) படத்திலும் அவரே வாசித்தார்.

பின்னாளில் ஷோலேக்கு இசையமைத்த இந்த ஆர்.டி. பர்மனின் குழுவில்தான் பானு குப்தா சேர்ந்தார். வேடிக்கை என்னவென்றால், அங்கே அவருக்குப் பெரும்பாலும் கிடைத்த வேலை கிடார். அமர் பிரேம் (1972) படத்தில் கிஷோர் குமார் பாடிய படகுப் பாட்டுக்கு வித்திட்டதும் அவர் கிடாரே. பயிற்சியின்போது விரல் தவறி எழுந்த ஒலிக்கோவையைக் கேட்ட பர்மன், அதையே பிடித்துக்கொண்டு மெட்டைக் கட்டினார் என்று சொல்லப்படுகிறது. மவுத் ஆர்கனில் அவர் பெயரை நிலைநிறுத்தியது ஷோலேயின் அந்தச் சில நொடிகள்தான்.

பம்பாயின் மினர்வா தியேட்டரில் மட்டும் ஐந்து ஆண்டுக்கு மேல் ஓடியது ஷோலே. மெட்டு ஊரறிந்ததாயிற்று, ஊதியவரை இசை உலகத்துக்கு வெளியே அறிந்தவர் சிலரே. வாத்தியக்காரர்களின் பெயர்களை டைட்டிலிலும் இசைத்தட்டு உறையிலும் அந்நாளில் பெரும்பாலும் போடமாட்டார்கள். பர்மன் 1994 ஜனவரியில் இறந்தார். பானு குப்தா 2018 ஜனவரி 27 அன்று மும்பையில் காலமானார்.