ஷட்டர் வேகம் (நிகழ்படம்)

ஷட்டர் வேகம் அல்லது மூடி வேகம் என்பது, நிகழ்படக் கருவி ஒவ்வொரு படச்சட்டத்தையும் பதிவு செய்யும்போது அதன் ஒளியுணரி எவ்வளவு நேரம் ஒளியை ஏற்கிறது என்பதைக் குறிக்கும் அளவாகும். பெயரில் வேகம் என்று இருந்தாலும் இது ஒரு கால அளவே. அசையும் பொருள் படத்தில் தெளிவாகத் தெரியுமா, இழுபட்டு மங்கலாகத் தெரியுமா என்பதை இதுவே பெரிதும் முடிவு செய்கிறது. ஷட்டர் வேகமும் சட்டக வீதமும் வேறு வேறானவை. சட்டக வீதம் ஒரு நொடியில் எத்தனை படங்கள் எடுக்கப்படுகின்றன என்பதைக் கூறுகிறது. ஷட்டர் வேகம் அப்படங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒளி விழும் நேரத்தைக் கூறுகிறது.

அளவீடு

ஷட்டர் வேகம் நொடியின் பின்னமாகக் குறிக்கப்படுகிறது. கருவியின் திரையில் 50 என்று காட்டினால் அது 1/50 நொடியைக் குறிக்கும். எண் பெரிதானால் நேரம் குறையும். நொடிக்கு 25 சட்டகங்கள் எடுக்கும்போது ஒவ்வொரு சட்டகத்திற்கும் கிடைப்பது 1/25 நொடி. எனவே வழக்கமான பதிவில் ஷட்டர் நேரம் அதைவிட நீளமாக இருக்க இயலாது.

திரைப்படச் சுருள் கருவிகளில் ஒரு பகுதி வெட்டப்பட்ட வட்டத் தகடு சுழன்று ஒளியை விட்டுவிட்டு அனுமதித்தது. வெட்டப்பட்ட பகுதியின் கோணமே ஷட்டர் கோணம் எனப்பட்டது. தகடு இல்லாத இன்றைய எண்ணிமக் கருவிகளிலும் இவ்வழக்கு தொடர்கிறது. கோணத்தை 360 ஆல் வகுத்து, மீண்டும் சட்டக வீதத்தால் வகுத்தால் ஷட்டர் நேரம் கிடைக்கும்.

* நொடிக்கு 24 சட்டகம், 180 பாகை: 1/48 நொடி
* நொடிக்கு 24 சட்டகம், 172.8 பாகை: 1/50 நொடி
* நொடிக்கு 25 சட்டகம், 180 பாகை: 1/50 நொடி
* நொடிக்கு 50 சட்டகம், 180 பாகை: 1/100 நொடி

அசைவு மங்கல்

ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் பொருள் நகர்ந்தால், அது நகர்ந்த தொலைவு முழுவதும் ஒரே படத்தில் பதிவாகிறது. இதுவே அசைவு மங்கல் ஆகும். பொருளின் வேகத்தை ஷட்டர் நேரத்தால் பெருக்கினால் மங்கலின் நீளம் கிடைக்கும். மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நடப்பவர் 1/50 நொடியில் ஏறத்தாழ 2.8 செ.மீ. நகர்கிறார். மணிக்கு 144 கி.மீ. வேகத்தில் செல்லும் மகிழுந்து அதே நேரத்தில் 80 செ.மீ. நகர்கிறது; 1/1000 நொடியில் 4 செ.மீ. மட்டுமே நகர்கிறது. கருவியை நோக்கி நேராக வரும் பொருளுக்கு இம்மங்கல் குறைவாகவும், குறுக்கே செல்லும் பொருளுக்கு மிகுதியாகவும் தெரியும்.

அசைவு மங்கல் எப்போதும் குறை அன்று. அடுத்தடுத்த சட்டகங்களை ஒரே தொடர் இயக்கமாகக் கண் ஏற்பதற்கு ஓரளவு மங்கல் உதவுகிறது. சட்டக நேரத்தில் பாதியளவு ஷட்டர் திறந்திருப்பது இயல்பான தோற்றம் தரும் என்பது ஒளிப்பதிவாளர்களிடையே நிலவும் வழக்கம்; இது 180 பாகை விதி எனப்படுகிறது. ஷட்டர் நேரத்தை மிகவும் குறைத்தால் ஒவ்வொரு சட்டகமும் கூர்மையாக அமைந்து, இயக்கம் வெட்டி வெட்டிச் செல்வதுபோல் தோன்றும். நடுப்பகல் வெயிலில் செல்பேசியின் தானியங்கி முறையில் எடுத்த நிகழ்படங்கள் இவ்வாறு இருப்பதற்குக் காரணம், மிகையான ஒளியைக் குறைக்கக் கருவி தானாகவே ஷட்டர் நேரத்தைக் குறைத்துவிடுவதே ஆகும்.

மின்விளக்குச் சிமிட்டல்

இந்தியாவில் மாறுமின்னோட்டத்தின் அலைவெண் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு அலைவிலும் மின்னோட்டம் இருமுறை உச்சமடைவதால், குழல் விளக்குகள் போன்றவற்றின் ஒளி நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. ஷட்டர் நேரம் 1/100 நொடியின் முழு மடங்காக இருந்தால் ஒவ்வொரு சட்டகமும் சம அளவு ஒளியைப் பெறும். எனவே இங்கு 1/50, 1/100 ஆகியவை பாதுகாப்பானவை. 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள அமெரிக்காவிற்கென அமைக்கப்பட்ட கருவியை மாற்றாமல் நொடிக்கு 30 சட்டகம், 1/60 நொடி என இங்கே பயன்படுத்தினால், கல்யாண மண்டபக் காட்சிகளில் வெளிச்சம் துடிப்பதுபோல் பதிவாகும். கருவியின் பட்டியலில் 50 ஹெர்ட்ஸ் அல்லது பால் முறையைத் தேர்ந்தெடுப்பது இதைத் தவிர்க்கும்.

சில எல்.இ.டி. விளக்குகளும் மேடைத் திரைகளும் மின்சார அலைவெண்ணோடு தொடர்பில்லாத வேறு வீதங்களில் துடிக்கின்றன. அவற்றுக்கு ஷட்டர் நேரத்தைச் சிறிது சிறிதாக மாற்றி, கருவியின் திரையில் பட்டைகள் மறையும் அளவைக் கண்டறிய வேண்டும்.

ஒளியளவை ஈடுசெய்தல்

ஷட்டர் நேரம் பாதியானால் படத்திற்குக் கிடைக்கும் ஒளியும் பாதியாகும். 1/50 இலிருந்து 1/100 க்கு மாற்றினால், வில்லையின் துளையை ஒரு படி திறக்க வேண்டும், அல்லது ஐ.எஸ்.ஓ. அளவை இரட்டிக்க வேண்டும். இது 6 டெசிபல் மின் பெருக்கத்திற்கு இணையானது. இதனால் படத்தில் இரைச்சல் புள்ளிகள் கூடும்.

வெளிப்புறத்தில் சிக்கல் நேரெதிரானது. தெளிந்த வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/50 என வைத்தால் துளை எண் ஏறத்தாழ 22 ஆக இருக்க வேண்டும். துளை எண் 4 இல் எடுக்க விரும்பினால் ஐந்து படி ஒளியைக் குறைக்க வேண்டும். இதற்கு ஒளியை 32 இல் ஒரு பங்காகக் குறைக்கும் நடுநிலை அடர்த்தி வடிகட்டி பயன்படுகிறது.

கொங்கு நாட்டில் பயன்பாடு

மோட்டார் பந்தயம்: கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே, பந்தய வீரர் எஸ். கரிவரதனின் நினைவாகப் பெயரிடப்பட்டது. இத்தகைய ஓடுகளத்தில் வண்டியின் வேகத்திற்கு இணையாகக் கருவியைத் திருப்பிக்கொண்டே படமெடுத்தால், 1/50 நொடியிலும் வண்டி தெளிவாகவும் பின்னணி இழுபட்டும் தெரியும். பார்ப்பவருக்கு விரைவு புலப்படும். மெதுவியக்கத்தில் மீண்டும் காட்டவும், விபத்தை ஆராயவும் 1/500 அல்லது அதனினும் குறைந்த நேரமே ஏற்றது.

ரேக்ளா பந்தயம்: நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் எல்லைக்கோட்டைக் கடக்கும் மாட்டுவண்டியை நொடிக்கு 25 சட்டகம், 1/50 நொடி எனப் பதிவு செய்தால், ஒவ்வொரு சட்டகத்திலும் 24 செ.மீ. மங்கல் இருக்கும்; அடுத்த 24 செ.மீ. பதிவே ஆகாது. ஷட்டரை 1/1000 ஆக்கினால் மங்கல் 1.2 செ.மீ. ஆகக் குறையும். ஆனால் பதிவாகாத இடைவெளி 46.8 செ.மீ. ஆகக் கூடும். எனவே முடிவைத் தீர்மானிக்கும் பதிவுக்கு ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றுவது போதாது; சட்டக வீதத்தையும் உயர்த்த வேண்டும். நொடிக்கு 100 சட்டகம் எடுத்தால் 1/100 நொடி வேறுபாட்டை அறியலாம்.

வள்ளிக் கும்மி: கும்மியிலும் ஒயிலாட்டத்திலும் கைகளும் கால்களும் உடலைவிட விரைவாக அசைகின்றன. இரவு நேரக் கலைநிகழ்ச்சிகளில் ஒளி குறைவு என்பதற்காக 1/25 நொடிக்கு இறங்கினால் முகங்கள் தெளிவாக இருந்தும் கைத்தாளம் கரைந்துவிடும். 1/50 இல் நிறுத்தி, விளக்கைக் கூட்டுவதே சிறந்தது.

நூற்பாலை: நிமிடத்திற்கு 18,000 சுற்றுகள் சுழலும் கதிர் நொடிக்கு 300 முறை சுற்றுகிறது. 1/50 நொடியில் அது ஆறு சுற்றுகளை முடித்துவிடும். 1/1000 நொடியிலும் 108 பாகை திரும்பிவிடும். ஆகவே கதிரின் வேகத்தை அளக்க ஆலைகளில் ஸ்ட்ரோபோஸ்கோப் என்னும் மின்னொளிக் கருவி பயன்படுகிறது. மின்னும் வீதமும் சுழலும் வீதமும் ஒன்றானால் கதிர் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும்.

இதே தோற்றம் ஆபத்தாகவும் அமையலாம். நொடிக்கு 100 முறை துடிக்கும் விளக்கின் கீழ், அதற்குப் பொருந்திய வேகத்தில் சுழலும் பாகம் நின்றுவிட்டதுபோல் தோன்றக்கூடும். இதனைத் தவிர்க்கத் தொழிற்கூடங்களில் அடுத்தடுத்த விளக்குகளை மும்முனை மின்சாரத்தின் வெவ்வேறு முனைகளில் இணைப்பதுண்டு. நிகழ்படத்திலும் இவ்வாறே நிகழும். நிமிடத்திற்கு 380 சுற்று சுழலும் மூன்று இறக்கை மின்விசிறியில் நொடிக்கு 19 இறக்கைகள் ஓரிடத்தைக் கடக்கின்றன. 25 சட்டகப் பதிவில் அது மெதுவாகப் பின்னோக்கிச் சுழல்வதுபோல் தெரியும். எனவே நிகழ்படத்தில் பார்த்து எந்த எந்திரமும் நின்றுவிட்டதாக முடிவு செய்யலாகாது.

கண்காணிப்புக் கருவி: மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் குறுக்கே செல்லும் மகிழுந்து 1/25 நொடியில் ஏறத்தாழ 67 செ.மீ. நகர்கிறது. அதன் எண் பலகையின் அகலமே 50 செ.மீ. ஆதலால் எண்ணைப் படிக்க இயலாது. 1/1000 நொடியில் நகர்வு 1.7 செ.மீ. ஆகக் குறைகிறது. இரவில் வெளிச்சத்தைக் கூட்டுவதற்காகத் தானியங்கி முறை ஷட்டரை நீட்டிவிடுவதே, விபத்துப் பதிவுகளில் வாகன எண் தெரியாமற் போவதற்கு ஒரு முக்கியக் காரணம். இத்தகைய இடங்களில் ஷட்டரை நிலையாக வைத்து, அகச்சிவப்பு விளக்கைத் துணையாகக் கொள்ள வேண்டும். ஒருமுறை மங்கலாகப் பதிவான எழுத்தைப் பின்னர் மென்பொருளால் உறுதியாக மீட்க இயலாது.

உருளும் ஷட்டர்

சிமாஸ் ஒளியுணரி கொண்ட பெரும்பாலான கருவிகள் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கின்றன. இது உருளும் ஷட்டர் எனப்படுகிறது. பொள்ளாச்சிச் சாலையில் ஓடும் பேருந்தின் சன்னல் வழியாக எடுத்தால் தென்னை மரங்கள் சாய்ந்து தெரிவது இதனாலேயே. ஷட்டர் நேரத்தைக் குறைத்தால் மங்கல் குறையும், சாய்வு குறையாது. எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் பதிவு செய்யும் முழுமை ஷட்டர் கருவிகளில் இக்குறை இல்லை.

இவற்றையும் பார்க்க

* சட்டக வீதம்
* ஒளிப்பதிவு
* ஸ்ட்ரோபோஸ்கோப்
* ரேக்ளா பந்தயம்