தௌலிப் பாறையும் தலைமைக் குணமும்

தலைமைக்குரிய குணங்கள் யாவை என வினவுவோர்க்கு நம் நாட்டுப் பழைய நூல்கள் நீண்ட வரிசைகளையே விடையாகத் தருகின்றன. கௌடிலீய அர்த்தசாஸ்திரம் உயர்குலப் பிறப்பு, கூரிய புத்தி, உற்சாகம், மூத்தோரைச் சார்ந்தொழுகுதல், சத்தியம் என அரசனுக்கு வேண்டும் சம்பத்துக்களை அடுக்கிச் செல்கிறது. திருவள்ளுவரோ இறைமாட்சி முதலாக அரசியல் என்னும் பகுதியில் 25 அதிகாரங்களை இப்பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறார். இவை போற்றத்தக்க இலக்கணங்களே; ஆயினும் ஆள்வோனை வெளியே நின்று நோக்கிய ஆசிரியர்கள் வகுத்தவை. ஆளும் பாரத்தைத் தன் தோளிற் சுமந்த ஒருவன், அதிகாரம் மனிதனுடைய சுபாவத்தை எவ்வாறு கெடுக்கும் என்பதைத் தன் அனுபவத்தினின்றும் கண்டறிந்து, அதனைத் தன் பிரஜைகளின் காதிலும் விழும்படி பொறித்துவைத்த சான்று உலக சரித்திரத்திலேயே மிக அரிது. அத்தகைய சான்று ஒன்று ஒடிசாவில் புவனேசுவரத்துக்கு அருகே, தயா நதியை அடுத்துள்ள தௌலிக் குன்றின் பாறையில் இருக்கிறது. அசோக மௌரியன் வெட்டுவித்த அச்சாசனத்தைத் துணைகொண்டு ஆராயுமிடத்து, வீரம், கல்வி, சொல்வன்மை முதலிய சிறப்பாற்றல்கள் தலைமைக்கு இரண்டாம் நிலையினவே என்பதும், தன்னிடத்தும் தன்னவரிடத்தும் தலைதூக்கும் குற்றங்களைக் காணவல்ல கண்ணும், முறையிடுவோர்க்கு அடையாத செவியுமே முதன்மையானவை என்பதும் விளங்கும் என்பது என் கருத்து.

தௌலிப் பாறையின் மேற்புறத்தில் யானை ஒன்றின் முற்பாதி, பாறையினின்றும் வெளிப்படுவது போலச் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் கீழே இழைத்துச் சமன் செய்த பரப்பிற் பிராமி எழுத்துக்கள் நிரை நிரையாக அமைந்துள்ளன. பிற இடங்களிற் காணும் 14 பெரும்பாறைச் சாசனங்களுள் 11, 12, 13 என்ற மூன்றும் இங்கு இல்லை. அவற்றுக்கு ஈடாக, கலிங்க நாட்டுக்கே உரியனவாய் இரண்டு தனிச் சாசனங்கள் உள்ளன. கஞ்சம் மாவட்டத்து ஜௌகடப் பாறையிலும் இவ்வாறே. முதல் தனிச் சாசனம், தோசலி நகரில் நீதி விசாரணை செய்துவந்த மகாமாத்திரர் என்னும் உயரதிகாரிகளை நோக்கியது. பல்லாயிரம் உயிர்களைக் காக்கும் பொறுப்பில் அவர்களை அமர்த்தியிருப்பதாகவும், மக்கள் அனைவரும் தன் பிள்ளைகளே என்றும் கூறத் தொடங்கும் அரசன், அடுத்த நிலையிலேயே அவர்களைக் கடிந்துகொள்கிறான்: இக்கருத்து எவ்வளவு தூரம் செல்லும் என்பதை நீங்கள் உணரவில்லை, உணர்ந்தவன் ஒருவன் இருப்பினும் ஒரு பகுதியை உணர்ந்தானேயன்றி முழுமையும் உணர்ந்தானில்லை என்பது அவன் குறை. தக்க காரணமின்றி ஒருவன் சிறைப்படுதலும் துன்புறுத்தப்படுதலும் நிகழ்கின்றன என்பதனையும், அதனால் வேறு பலரும் வருந்துகின்றனர் என்பதனையும் அவன் மறைக்கவில்லை. தன் நிருவாகத்தில் அநீதி நடைபெறுகிறது என்று ஒரு சக்கரவர்த்தி கல்லில் எழுதி ஒப்புக்கொண்டிருப்பதை நாம் விரைந்து கடந்துவிடுதல் கூடாது.

இந்த அநீதிக்குரிய காரணத்தை ஆராயுமிடத்தேதான் அசோகனுடைய நுண்ணறிவு முழுதும் வெளிப்படுகிறது. சட்டம் போதாது என்றோ, காவலர் தொகை குறைவென்றோ, மக்கள் அடங்காதவர் என்றோ அவன் கூறினானில்லை. பொறாமை, சினம், கொடுமை, அவசரம், விடாப் பயிற்சியின்மை, சோம்பல், தளர்ச்சி என்னும் ஏழும் உடையார்க்கு நடுநிலை வாய்ப்பதில்லை என்கிறான். இவை தம்மை அணுகாதிருக்க வேண்டுமென்று ஒவ்வொருவரும் விரும்புதல் வேண்டும் என்கிறான். அவ்வாறு விரும்பும் நிலைக்கு அடிப்படையாவன சினவாமையும் அவசரப்படாமையும் என்று முடிக்கிறான். இவ்வேழும் போர்க்களத்துக் குற்றங்கள் அல்ல. பேராசை, துரோகம் போன்ற பெரும்பாவங்களும் அல்ல. நாள்தோறும் வழக்குகளைக் கேட்டுக் கேட்டு மனம் மரத்துப்போன அதிகாரி ஒருவன், உச்சி வேளையிலே தன்முன் நிற்கும் ஏழையின் வாக்குமூலத்தை முழுவதும் கேளாமலே கட்டளையை எழுதிவிடும் போது செயற்படுபவை இவையே. களைப்பைக் கொடுமையோடு ஒரே வரிசையில் வைத்து எண்ணியது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. களைத்தவன் எழமாட்டான், எனினும் எழுந்து நடந்தே ஆகவேண்டும் என்று சாசனம் வற்புறுத்துகிறது. அதிகாரம் உடையவனுக்கு நேரும் களைப்பை நாம் இரங்கத்தக்கதாக மட்டும் கருதுகிறோம். அக்களைப்பின் விலையைச் சிறையில் இருப்பவன் கொடுக்கிறான் என்பதை அசோகன் கண்டான்.

கண்டதோடு அமையவும் இல்லை. கடுமையும் சீற்றமும் இல்லாத, மென்மையாய் ஒழுகும் மகாமாத்திரன் ஒருவனை ஐந்தாண்டுக்கு ஒருமுறை சுற்றுப்பயணம் அனுப்புவதாகவும், உச்சயினியில் உள்ள இளவரசன் மூன்றாண்டுக்கு மேற்படாமல் அவ்வாறே அனுப்புவான் என்றும், தட்சசீலத்திலும் அங்ஙனமே நிகழும் என்றும் ஏற்பாடு செய்கிறான். அப்படி அனுப்பப்படுவோனுக்கு அவன் வேண்டும் யோக்கியதை குணமே என்பதைக் கவனிக்க வேண்டும். சாசனமும் திஷ்ய நட்சத்திர நாட்களில் உரக்கப் படிக்கப்பட வேண்டும்; இடையிடையே, கேட்பவன் ஒருவனே ஆயினும், அவனுக்கும் படித்துக் காட்டப்பட வேண்டும். அதிகாரிகளுக்கு இடப்பட்ட கண்டிப்பு, அவ்வதிகாரிகளால் ஆளப்படுவோன் காதிலும் விழும்படி செய்யப்பட்ட இவ்வேற்பாட்டினும் துணிவுடையதொன்றை அக்காலத்து அரச நீதியில் நான் கண்டதில்லை.

இவையெல்லாம் புகழ் விரும்பிய அரசனுடைய விளம்பரமே என்று கொள்ளும் அறிஞர் உளர். அசோகனுடைய நோக்கத்தை நாம் அளந்தறிதல் இயலாது என்பது உண்மையே. ஆனால் தன்னையும் தன் அதிகாரிகளையும் அளப்பதற்குரிய கோலைப் பிரஜைகளின் கையிலே கொடுத்துவிடும் விளம்பரம், வெறும் விளம்பரமாக நின்றுவிடுவதில்லை. அதன்பின் தவறு நேருமானால் அக்கோலே சாட்சி கூறும். புகழ் ஒன்றையே விரும்பியவன் வெற்றிகளைப் பொறிப்பானேயன்றித் தன் காரியாலயத்துக் குற்றங்களைப் பொறிக்கமாட்டான்.

பிறரிடம் வேண்டிய ஒழுக்கத்தைத் தன்னிடமும் அவன் வேண்டினான் என்பதற்கு ஆறாம் பாறைச் சாசனம் சான்று. அர்த்தசாஸ்திரம் அரசனுடைய பகலையும் இரவையும் எவ்வெட்டுக் கூறுகளாக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழில் வகுக்கிறது. முறையிட வந்தோரை வாயிலிற் காக்கவைத்தலாகாது என்றும், காண்டற்கரியனான அரசனைச் சூழ்ந்திருப்போர் செய்வதையும் தவிர்வதையும் தலைகீழாக்கிவிடுவர் என்றும் எச்சரிக்கிறது. திருக்குறளும் எவரும் எளிதிற் கண்டு பேசத்தக்கவனாகவும் வன்சொல் வழங்காதவனாகவும் இருப்பவனையே உயர்ந்த வேந்தனாக மதிக்கிறது. அசோகனோ வகுத்த நேரம் என்ற வேலியையும் நீக்கிவிடுகிறான். உண்ணும்போதும், அந்தப்புரத்திலும், பள்ளியறையிலும், பல்லக்கிலும், பூங்காவிலும் மக்கள் காரியங்களைத் தனக்கு உடனே அறிவிக்க வேண்டும் என்கிறான். தன் வாய்மொழிக் கட்டளையைப் பற்றி மந்திரி பரிஷத்தில் விவாதம் எழுமானால் அதுவும் தாமதமின்றித் தன்னை எட்டவேண்டும் என்பது அதனினும் பெரிது. தன் சொல்லுக்கு மறுப்புண்டு என்பதை உண்ணும் வேளையிலும் கேட்கச் சித்தமாயிருப்பவர் எத்தனைபேர்? தான் செய்யும் முயற்சி உயிர்களுக்குப் பட்ட கடனைத் தீர்ப்பதே என்கிறான். கலிங்க அதிகாரிகளோ தங்கள் கடமையால் அரசனுக்குப் பட்ட கடனைத் தீர்க்கிறார்கள். ஆகவே இக்கடன் வரிசையின் உச்சியில் நிற்பவன் அரசன் அல்லன். அவனுக்கும் மேலே, கடன் கொடுத்தோராகக் குடிகள் நிற்கின்றனர்.

முடிசூடிய 26 ஆண்டுகளுக்குப் பின்னர் எழுந்த தூண் சாசனங்களுள் மூன்றாவது, மனிதன் தான் செய்த நன்மையையே காண்கிறான், தீமையைக் காண்பதில்லை, அவ்வாறு காணுதல் கடினம் என்று கூறுகிறது. சினத்தையும் பொறாமையையும் கலிங்கத்து அதிகாரிகளுக்கு எடுத்துரைத்தவன், அவற்றை அங்கே மனிதர் எல்லார்க்கும் பொதுவாக மீண்டும் எண்ணுகிறான். இத்தனை ஆண்டு ஆட்சி அவனுக்குத் தன்னம்பிக்கையை வளர்க்காமல் தற்பரிசோதனையை வளர்த்தது என்பதே என் மதிப்பில் அவனுடைய தலைமைக்குச் சிறந்த அத்தாட்சி.

இனி, மறைக்கலாகாத குறை ஒன்றுண்டு. முடிசூடி எட்டாண்டு கழிந்து நடந்த கலிங்கப் போரில் ஒன்றரை லட்சம் பேர் சிறைப்பட்டுச் சென்றனர், ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டனர், அதனினும் பன்மடங்கினர் மடிந்தனர் என்று வருந்தும் 13ஆம் சாசனம், முன்னே கூறியபடி, கலிங்கத்துப் பாறைகளில் இல்லை. அச்சாசனம் பொறிக்கப்பெற்ற கிர்நாரிலும் ஷாபாஸ்கடியிலும் வாழ்ந்தோர் அரசனுடைய அனுதாபத்தைக் கேட்டனர். தந்தையையும் மகனையும் இழந்த தோசலி மக்கள் கேட்கவில்லை. அச்சாசனத்திலேயே அசோகன், காட்டுவாசிகளை நோக்கித் தன் இரக்கத்தோடு தன் வலிமையையும் நினைவூட்டுகிறான். புண்ணைக் கிளறாதிருத்தலே விவேகம் என்று சிலர் சமாதானம் கூறுவர். கலிங்கத்தார்க்குக் கழிவிரக்கத்தைச் சொல்வதற்குப் பதிலாக, அவர்களை ஆள்வோரின் சினத்துக்கும் அவசரத்துக்கும் தடையிட்டுக் கொடுத்தான் என்று கூறுவதிலும் நியாயமுண்டு. துன்புற்றவனுக்கு ஆள்வோனுடைய கண்ணீரினும் அவனுடைய அடக்கமே பயன்படும். எனினும், கேட்கும் உரிமை யாவரினும் மிகுதியாக யாருக்கு இருந்ததோ அவர்க்கு அச்சொல் சொல்லப்படவில்லை. அசோகன் பெருமைக்கு இது குறையே என்று நான் துணிகிறேன்.

நம் பாடப்புத்தகங்கள் கலிங்கப் போரையும் அரசனுடைய மனமாற்றத்தையும் விரிவாகக் கூறி, தௌலியின் முதல் தனிச் சாசனத்தைப் பெரும்பாலும் எடுத்துரைப்பதில்லை. பிழையற்ற தமிழ் மொழிபெயர்ப்பாக அதனை வெளியிட்டு, நீதி மன்றங்களிலும் ஆட்சி அலுவலகங்களிலும் புதிதாகப் பதவி ஏற்கும் இளைஞர் கையில் முதல் நாளிலேயே கொடுக்கும்படி நம் பல்கலைக்கழகங்களை வேண்டிக்கொள்கிறேன்.