இறாத்தலும் கிலோவும்: மலையகத் தோட்டங்களில் அளவை வரலாறு

அளவை என்பது ஆய்வுகூடத்துக்கு மட்டுமே உரிய பொருளன்று. நிறுத்தலின் முடிவைக் கொண்டே ஒரு மக்கட்கூட்டத்தின் நாட்கூலி தீர்மானிக்கப்படுமாயின், அளவையின் வரலாறு அம்மக்களின் வாழ்க்கை வரலாறாகவும் அமைந்துவிடுகின்றது. நுவரெலியா, ஹற்றன், தலவாக்கலைப் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

கோப்பிக் காலத்தில் 'புசல்' என்னும் கொள்ளளவே பெருவழக்காயிருந்தது. ஒரு புசல் ஏறத்தாழ 36.4 லீற்றர் ஆகும். பறித்த பழமும், தொழிலாளர்க்கு அளந்த அரிசியும் புசலிலேயே கணக்கிடப்பட்டன. கொள்ளளவில் ஒரு குறையுண்டு. குவித்து அளப்பதற்கும் தலைதட்டி அளப்பதற்கும் இடையேயுள்ள வேறுபாடு அளப்பவன் கையிலேயே தங்கியிருந்தது.

1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழிக்கவே, தேயிலை மலையெங்கும் பரவிற்று. கொழுந்து அழுத்தினால் சுருங்கும் இயல்புடையதாதலின் அதனைக் கொள்ளளவால் அளத்தல் பொருந்தாது. எனவே பிரித்தானிய நிறையலகான இறாத்தலும், 112 இறாத்தல் கொண்ட அந்தரும் தோட்டக் கணக்கேட்டில் இடம்பெற்றன.

கொழுந்து மடுவத்தில் தராசு நாளொன்றுக்குப் பெரும்பாலும் மூன்று தடவை உயர்ந்தது. கணக்கப்பிள்ளை வாசித்துக் குறித்த எண்களின் கூட்டுத்தொகை, விதிக்கப்பட்ட நிறையை எட்டினால் முழுப் 'பேர்'. எட்டாவிடின் அரைப் பேர். உழைத்த நாளே தராசின் முள்ளால் பாதியாக்கப்படலாயிற்று. முள்ளை வாசித்தவர் நிருவாகத்தின் ஊழியர். கூடையைச் சுமந்து நின்ற பெண்களுள் பலர் எழுத்தறிவு பெறாதோர் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகிய அதே காலப்பகுதியில், 1974ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் மெற்றிக் முறைக்கு வழிவகுத்தது. ஒரு இறாத்தல் 0.4536 கிலோகிராம், ஒரு கிலோகிராம் 2.2046 இறாத்தல். ஏட்டில் இது எளிய பெருக்கலேயாகும். ஆனால், எடுத்துக்காட்டாக, 40 இறாத்தல் என்னும் அளவைச் சரியாக மாற்றினால் 18.14 கிலோ கிடைக்கும். அதனை 18 என முழுமைப்படுத்தினால் தொழிலாளிக்கு 140 கிராம் மிச்சம். 20 என முழுமைப்படுத்தினாலோ நான்கு இறாத்தலுக்கு மேற்பட்ட கொழுந்தை அவர் கூடுதலாகப் பறிக்க வேண்டும்.

இதனினும் நுட்பமானதொன்றுண்டு. ஒரு கருவி காட்டக்கூடிய மிகச் சிறிய அளவை இழிவெண்ணிக்கை என்பர். முழு எண்ணை மட்டும் குறித்துப் பின்னத்தைத் தள்ளிவிடும் வழக்கம் உள்ளவிடத்து, அலகு பெரிதாகுந்தோறும் இழப்பும் பெரிதாகும். இறாத்தலில் ஒரு நிறுவைக்குச் சராசரி இழப்பு அரை இறாத்தல், அதாவது 227 கிராம்; கிலோவில் அது 500 கிராம். நாளுக்கு மூன்று நிறுவையென 25 நாட்களுக்குக் கணக்கிட்டால் முன்னையது 17 கிலோ, பின்னையது 37.5 கிலோ. இப்பின்னைய அளவிலிருந்து ஏறத்தாழ 8 கிலோ தேயிலைத்தூள் பெறலாம். எவரும் பொய் எழுதாமலே, அலகு மாறியதனால் மட்டும் இழப்பு இருமடங்குக்கு மேலாகின்றது.

சாக்கின் நிறைக்கும் இலையிலுள்ள நீருக்குமெனக் கழிக்கும் வழக்கமும் நெடுநாளைய முறைப்பாடாகும். வெற்றுச் சாக்கைத் தனியே நிறுத்தல், விற்றராசின் பூச்சிய வழுவை முதலில் திருத்துதல் ஆகியன பாடசாலை மாணவரும் அறிந்த நெறிகள். அத்தோட்டங்களின் தொழிற்சாலைகளில் இத்தகைய நுட்பம் குறைவின்றிப் பேணப்படுகின்றது. கொழுந்து வாட்டும் தளத்தில் ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகளின் வேறுபாடு நோக்கப்படுகின்றது. உலர்த்திய தூளின் ஈரப்பதன் ஏறத்தாழ 3 சதவீதமாக இருத்தல் வேண்டும். 1925இல் நிறுவப்பட்டுத் தலவாக்கலை சென்ற் கூம்ஸில் இயங்கிவரும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இத்துறைக்கு ஆற்றிய பணி பெரிது. தூளுக்குக் காட்டிய நுண்மை கொழுந்துக்கும் காட்டப்பட்டதா என்பதே வரலாறு எழுப்பும் வினா.

அளவை அலகுகள், நியமங்கள், சேவைகள் பற்றிய 35ஆம் இலக்கச் சட்டம் 1995இல் இயற்றப்பட்டது. 2019 மே 20 முதல் கிலோகிராம், பாரிசுக்கு அருகே பேணப்பட்ட உலோக உருளையினால் அன்றி, மாறாத இயற்கை எண்ணொன்றினால் வரையறுக்கப்படுகின்றது. ஆயினும் 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்ட பின்னர், நாளுக்கு எத்தனை கிலோ என்பதே தோட்டங்களில் பெரும் பிணக்காக எழுந்தது. மின்னணுத் தராசுகள் பின்னத்தையும் காட்டவல்லன. காட்டப்படும் பின்னம் ஏட்டில் ஏறுவதும், பறித்தவர் அதனைத் தம் கண்ணால் வாசித்தறிவதும் கருவியின் செயலல்ல, மனிதர் செயல். அலகின் மாற்றம் நீதியாக முழுமை பெறுவது அப்போதேயாகும்.